ஜாலான் டூத்தா நீதிமன்ற மத்தியஸ்தம்: காசில்லை, ஆனால் தயாராகப் போங்கள்

வழக்கைத் தீர்ப்புவரை இழுக்காமல் நடுவர் ஒருவர் முன் பேசித் தீர்க்க, கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்தில் 2011-இல் தொடங்கிய சேவை இது. கட்டணம் ஒரு சென்கூட இல்லை. ஆனால் வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும்.

மத்தியஸ்தராக அமர்பவர் நீதிபதிதான். பொதுவாக உங்கள் வழக்கை விசாரிப்பவர் அல்ல. முதலில் இரு தரப்பும் ஒரே மேசையில், பிறகு தனித்தனியாக. தனியறையில்தான் காரியம் நகரும். "எவ்வளவு கிடைத்தால் விடுவீர்கள்?" என்ற கேள்விக்கு அங்கேதான் உண்மையான பதில் வரும். பேச்சு முறிந்தாலும் அதை விசாரணையில் இழுக்க முடியாது.

சொதப்புவது பெரும்பாலும் ஆள் அனுப்புவதில். கையெழுத்துப் போட அதிகாரமில்லாதவர் வந்து "முதலாளியைக் கேட்கணும்" என்றால் அன்றைய பொழுது போச்சு.

இன்னொன்று, ஒப்பந்த வாசகம். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகும் தகராறில் "பழுது பார்த்துத் தருவார்" என்று எழுதினால் மறுபடி சண்டைதான். எந்தத் தேதிக்குள், யார் செலவில், நீர்க்காப்புப் பூச்சு முழுத் தரைக்கா விரிசலுக்கு மட்டுமா, மழைக்குப் பிறகு யார் பார்ப்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். அதை ஒப்புதல் தீர்ப்பாக, அதாவது இரு தரப்பும் ஒத்துக்கொண்டதையே நீதிமன்றத் தீர்ப்பாக, பதிய வையுங்கள். மீறினால் புது வழக்கு வேண்டாம், நேரே அமலாக்கம்தான்.

வழக்கே போடாதவர்கள் மலேசியாவின் 2012 மத்தியஸ்தச் சட்டப்படி எதிர்த்தரப்புக்கு எழுத்தில் அழைப்பு அனுப்பலாம். 14 நாளில் பதில் வராவிட்டால் மறுப்பாகக் கொள்ளலாம். அதற்காக வழக்குத் தொடுக்கும் காலக்கெடு ஓடுவது நிற்காது. ஒப்பந்தத் தகராறுக்கு 6 ஆண்டுதான்.