ஜன்னல் தோட்டம் வைக்கப் போய் 7,850 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

இன்று காலையில்தான் மிச்சமிருந்த இரண்டு செடிகளையும் பிடுங்கிப் போட்டேன். வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று கையோடு வந்தது, சாக்கடை நாற்றம். இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 7,850 ரூபாய்! கடைப் பெயரைப் போடவில்லை, போட்டால் அதற்கு வேறு ஒரு சண்டை வரும். மீன் தொட்டி, மோட்டார் விற்கிற கடை, ஓரத்து அலமாரியில் மண்ணில்லாத் தோட்டத்துக்கான சாமான்கள், கூடவே ரீல்ஸ் போட ஒரு பக்கம். இந்த மாதிரிக் கடைகளில் கொஞ்சம் ஜாக்கிரதை.

நாங்கள் சென்னையில் மூன்றாவது மாடி. மொட்டை மாடியை அசோசியேஷன் பூட்டி வைத்திருக்கிறது, அது தனிக் கதை. கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது, காலை பத்து, பத்தரை வரை நல்ல வெயில். அந்தக் கம்பியில் பைப் மாட்டி, மண்ணே இல்லாமல் சத்துத் தண்ணீரில் நாலு கீரை வளர்க்கலாம் என்று ஆசை. ஆன்லைனில் வாங்கினால் யாரைப் பிடிப்பது, உள்ளூர்க் கடை என்றால் ஏதாவது ஒன்று என்றாலும் நேரில் போய்க் கேட்கலாமே என்று நினைத்துத்தான் தேடித் தேடி இவனிடம் போனேன்.

எப்படி நம்பினேன் என்று எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. பைப்பில் செடி வைக்க 24 குழி இருக்கிற செட்தான் நான் கேட்டேன். அவன் ஜன்னல் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வேணாம்கா, உங்க ஜன்னலுக்கு 12 போதும், வீணா எதுக்குக் காசு" என்றான். பெரியது கேட்கிறவளிடம் சின்னது போதும் என்கிற கடைக்காரனை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்புறம் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, என் கண்ணெதிரே டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற கருவியை, விட்டுப் பார்த்தான். 1,180 காட்டியது. "போர் தண்ணிக்கா, இதுல வைக்காதீங்க, ஆர்ஓ தண்ணி ஊத்துங்க." அது சரியான யோசனைதான், இன்றைக்கும் சொல்வேன். அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டான். பேரம்கூடப் பேசவில்லை. 7,850 ரூபாயை ஜிபே பண்ணிவிட்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

பைப், வலைக் கப், களிமண் உருண்டை, தேங்காய்நார்க் கட்டி, குட்டி மோட்டார், ஊதா லைட், லெட்டூஸ் விதை, ஏ, பி என்று எழுதிய இரண்டு சத்துத் தண்ணீர் பாட்டில்கள். மே மாதச் சென்னையில் லெட்டூஸ்! பைப்புக்குள் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் காற்று கரைவது குறைந்துபோகும், லெட்டூஸ் வேர் அழுக ஆரம்பிக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாலக், புதினா வையுங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மோட்டார் ஒன்பதாம் நாள் நின்றது. முளைத்த பத்து செடிகளில் புது இலைகளின் ஓரமெல்லாம் கருகியது.

உடனே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "பாக்கறேன்கா." அடுத்த நாள், "வெயில் ஓவர்கா, திரை போடுங்க." போட்டேன். மூன்று நாள் கழித்து, "வெயில் பத்தலக்கா." கேட்டீர்களா! மோட்டாருக்கு வாரண்டி உண்டு என்றவன் இப்போது வாரண்டி ஃப்ரேமுக்கு மட்டும் என்கிறான், பைப்புக்கு எதற்கடா வாரண்டி? கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "சில பேருக்குக் கைராசி இருக்காதுக்கா, தப்பா எடுத்துக்காதீங்க." அதை என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இனி வீட்டில் எந்தச் செடி வாடினாலும் அது என் கைராசிதான்.

நேரில் போனேன். ஓனர் ஊரில் இல்லை என்றான். இரண்டு வாரத்துக்கு முன்னால் இவன்தான் ஓனர்.

விஷயம் தெரிந்தது சித்தி மகன் வந்தபோது. கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தவன். ஒரு கண்ணாடி டம்ளரில் ஏ, பி இரண்டிலும் ஒரு மூடி ஊற்றிக் கலக்கினான். "பால் திரியற மாதிரி வெள்ளையா வரணுமேக்கா" என்றான். ஒன்றும் வரவில்லை, ரோஸ் கலர் தண்ணீர் அப்படியே இருந்தது. ஏ பாட்டிலில் கால்சியம் நைட்ரேட் இருக்கும், பி பாட்டிலில் சல்பேட், பாஸ்பேட் இருக்கும், கெட்டியாக இருக்கும்போது சேர்ந்தால் படிந்துவிடும், அதனால்தான் இரண்டு பாட்டிலாக விற்பதே. இங்கே கால்சியமே இல்லை, அதனால்தான் இலை ஓரம் கருகியிருக்கிறது. வயலுக்குப் போடுகிற 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 19 சதவீதம்) கடைக்காரன் கரைத்துக் கலர் சேர்த்திருப்பான் என்பது சித்தி மகன் கணிப்பு. அந்த உரத்தில் இருக்கிற தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கும். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் செடி எடுத்துக்கொள்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கும், என் பைப்பில் அதெல்லாம் எங்கே இருக்கிறது. அந்த இரண்டு பாட்டிலுக்கு மட்டும் கடைக்காரன் 1,400 வாங்கியிருக்கிறான். மோட்டாரைக் கொளத்தூர் மீன் மார்க்கெட்டில் விசாரித்தேன், அவன் போட்ட விலையில் கால்வாசிகூட இல்லை. கேட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, அப்புறம் அவன் புரொஃபைல் போட்டோ காணாமல் போனது. பிளாக் பண்ணிவிட்டான். 7,850 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

எப்படி வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சத்துப் பாட்டிலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்த லேபிள் இல்லையென்றால் தொடாதீர்கள். டம்ளரில் அந்தக் கலக்குகிற சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். செட்டாக வாங்காதீர்கள், தனித்தனியாக விலை கேளுங்கள். முதலில் ஒரு பழைய டப்பா, ஒரு வலைக் கப், மோட்டாரே இல்லாமல் நாலு புதினாக் காம்பு வைத்துப் பாருங்கள், டப்பாவுக்கு வெளியே கறுப்புப் பேப்பர் சுற்றிவிடுங்கள், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

அப்புறம் பில் வாங்குங்கள், ஜிஎஸ்டி நம்பரோடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்திருக்கிறேன், பில் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது வெள்ளைத் துண்டுச்சீட்டில் பேனாவால் எழுதிய "12 செட், 7850", கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்து என்ன செய்ய முடியும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.