கடலோர வீட்டில் ஹோம் சர்வர்: எதற்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்

குமரி மாவட்டம் குளச்சலில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மினி பிசி மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் எங்கள் ஹோம் சர்வர். குடும்பப் போட்டோ முழுவதும் இமிச் என்ற மென்பொருள் வழியாக அதில்தான் இருக்கிறது. அண்ணன் சவுதியில் இருந்தபடி பிள்ளைகளின் ஆண்டு விழா வீடியோவைப் பார்ப்பதும் அதில்தான். வீட்டுப் பத்திரம், வரி ரசீது, அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதே சர்வரில், ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளில். அது ஒரு நாள் நின்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அழிந்தால் சில விஷயங்கள் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

எந்த சர்வர் வாங்கலாம் என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். வாங்கியபின் அதோடு என்னென்ன சேர்க்க வேண்டும் என்பதை நம் மாவட்டத்து வீட்டை மனதில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் ஆனால் இடி. கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கருவியிடமும் நான் கேட்பது இதுதான்: கரண்ட் போய், நானும் வீட்டில் இல்லாத நேரத்தில், நீ உன் வேலையைத் தானாகச் செய்வாயா?

இன்வெர்ட்டர் இருக்கும்போது யுபிஎஸ் எதற்கு?

நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மணிக்கணக்கில் தாங்குவதில் 150 ஏஎச் பேட்டரிக்கு முன் சின்ன யுபிஎஸ் நிற்கவே முடியாது. ஆனால் இரண்டு குறை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடிக்குள் சில நேரம் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், இது பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது குறைதான் பெரியது. பேட்டரி தீரப்போகிறது என்று சாதாரண இன்வெர்ட்டரால் சர்வரிடம் சொல்ல முடியாது. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும்.

யுபிஎஸ் அந்தத் தகவலைச் சொல்லும், யூஎஸ்பி வழியாக. வாங்கும்போது இதைக் கேட்டே வாங்குங்கள். நான் நாகர்கோவிலில் முதலில் வாங்கிய யுபிஎஸ்ஸில் யூஎஸ்பி துளை இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அது போன் சார்ஜ் செய்ய மட்டும். மாற்றித் தரவும் இல்லை. டேட்டா கேபிள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்ப்பது நல்லது.

600 விஏ யுபிஎஸ்ஸில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. பெருக்கினால் 84 வாட் அவர். சர்வர், டிஸ்க், ரவுட்டர், ஃபைபர் பெட்டி நான்கும் சேர்ந்து 30 வாட் என்றால், தாளில் இரண்டே முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டில் புதிதாக இருந்தபோது ஒன்றேகால் மணி நேரம் வந்தது. வெப்பம் ஏற ஏற இந்த பேட்டரியின் ஆயுள் குறையும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றத்தான் வேண்டும்.

சரி, இன்வெர்ட்டர் லைனில் யுபிஎஸ்ஸை மாட்டலாமா? மாட்டலாம், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கவனம். அதிலிருந்து வரும் கரண்டைச் சில யுபிஎஸ் நல்ல கரண்டாக ஏற்காது. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். சென்சிட்டிவிட்டியை, அதாவது கரண்டின் தரத்தில் யுபிஎஸ் காட்டும் கறாரை, குறைக்கும் வசதி உள்ள மாடலில் அதைக் குறைத்துப் பார்க்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய லேப்டாப்பை சர்வராக வைப்பவர்களுக்கு பேட்டரி கூடவே வருகிறது, அது நல்ல யோசனைதான். 100 சதவீதத்திலேயே வருடம் முழுவதும் கிடந்தால் பேட்டரி உப்பிவிடக்கூடும். டிஎல்பி என்ற லினக்ஸ் மென்பொருளை வைத்து, ஒத்துழைக்கும் மாடல்களில், 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தலாம். ஆனால் தனி அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க்குக்கும் ரவுட்டருக்கும் அந்த பேட்டரி உதவாது. லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே டிஸ்க் செத்துப்போவது இன்னும் மோசம்.

யுபிஎஸ்ஸோடு பேச இரண்டு மென்பொருள். ஏபிசியுபிஎஸ்டி எளிது, பத்து நிமிடத்தில் அமைத்துவிடலாம். ஆனால் ஏபிசி கம்பெனி மாடல்களுக்காகவே எழுதப்பட்டது, கடைசிப் பதிப்பு வந்தது 2016 மே மாதம். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், பல கம்பெனிகளின் யுபிஎஸ்ஸோடு பேசும், இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கான்ஃபிக் ஃபைல்கள் நாலைந்தைத் தொட வேண்டும், முதல் நாள் தலை சுற்றும். நான் நட் பக்கம்.

காரணத்தை ஒரு சாயங்காலத்தை வைத்துச் சொல்கிறேன். கரண்ட் போய் பேட்டரி குறைந்து சர்வர் ஒழுங்காக அணையத் தொடங்குகிறது. அது அணைந்து முடிவதற்குள் கரண்ட் வந்துவிடுகிறது. சர்வரின் பயாஸ் எனும் அடிப்படை அமைப்பில் ‘கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகு’ என்று வைத்திருந்தும் அது ஆன் ஆகாது. ஏனென்றால் அதன் பார்வையில் கரண்ட் போகவே இல்லை. நான் திருவனந்தபுரத்தில் இருந்தேன், சர்வர் இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. இதற்குத் தீர்வு, சர்வர் அணைந்தபின் யுபிஎஸ்ஸே தான் கொடுக்கும் கரண்டை ஒருமுறை துண்டித்துத் திரும்பக் கொடுப்பது. நட்டில் யூஎஸ்பி மாடல்களுக்கு அணைக்கும் தாமதம் 20 நொடி, திரும்பப் போடும் தாமதம் 30 நொடி என்று இயல்பாகவே இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உங்கள் சர்வர் மெதுவாக அணையும் என்றால் இரண்டையும் கூட்டுங்கள். ஏபிசியுபிஎஸ்டியிலும் இது முடியும், உங்கள் யுபிஎஸ் அதோடு பேசும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. எதை வைத்தாலும் மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.

இடிக்கு இதெல்லாம் காவல் இல்லை. நல்ல எர்த்திங் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் பெயருக்குத்தான். வானம் கறுத்தால் அம்மா போய் பிளக்கை எடுத்துவிடுவார். நான் எழுதி ஒட்டியிருப்பது ஒரு வரிதான்: முதலில் பட்டனை அழுத்தி, விளக்கு அணைந்தபின் பிளக்கை எடுக்கவும்.

பேக்கப்: ஆர்சிங்க், போர்க், ரெஸ்டிக்

இவை மூன்றும் ஃபைல்களை இன்னோர் இடத்தில் நகலாக வைக்கும் மென்பொருள்கள். ஆர்சிங்க் 1996-லிருந்து இருக்கிறது, நம்பகமானது. ஆனால் அது நகல் எடுக்குமே தவிர வரலாறு வைக்காது. அக்கா மகன் தெரியாமல் ஓர் ஆல்பத்தை அழித்தால், அழிப்பையும் சேர்த்து நகல் எடுக்கும்படி அமைத்திருந்தால், அன்று ராத்திரியே மறு பக்கத்திலும் போய்விடும். ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

போர்க்கும் ரெஸ்டிக்கும் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சேமிக்காது, இரண்டும் பூட்டி வைக்கும், இரண்டிலும் போன வாரத்து நிலைக்குத் திரும்பலாம். போர்க்குக்கு மறு முனையிலும், அதாவது நகல் போய்ச் சேரும் கணினியிலும், போர்க் இருந்தால்தான் நன்றாக ஓடும். இருந்தால், பழையவற்றைக் கழித்து இடத்தை மீட்கும் வேலை பெரும்பாலும் அங்கேயே நடந்துவிடும். அப்லோட் வேகம் குறைந்த வீட்டுக்கு இது பெரிய லாபம். ரெஸ்டிக் அந்த வேலைக்கு டேட்டாவைத் திரும்ப இறக்கி ஏற்றும், மழைநாளில் நெட் இழுத்துக்கொண்டிருந்தால் இரவு முழுவதும் போகும். ஆனால் ரெஸ்டிக்கை நிறுவ ஒரே ஒரு ஃபைல் போதும்; மறு முனை எஸ்எஃப்டிபி வழியாக ஃபைல் வாங்கும் சாதாரணக் கணினியானாலும் கிளவுட் சேமிப்பானாலும் அப்படியே போகும்; விண்டோஸிலும் ஓடும். போர்க்கை விண்டோஸில் நேரடியாக ஓட்ட முடியாது. அப்பாவின் கணக்கு வழக்கெல்லாம் விண்டோஸ் லேப்டாப்பில் இருப்பதால் நான் ரெஸ்டிக். எல்லாம் லினக்ஸ், மறு முனையும் நம் கையில் என்றால் போர்க்கைத்தான் சொல்வேன்.

மறு முனை எங்கே என்பது மென்பொருளைவிட முக்கியம். எங்களுக்கு அது மார்த்தாண்டத்தில் சித்தி வீடு. அங்கே ராஸ்பெரி பை என்ற பழைய குட்டிக் கணினி ஒன்றும் ஒரு டிஸ்க்கும் டிவிக்குப் பின்னால் இருக்கின்றன. முதல் முழு பேக்கப்பை நெட்டில் அனுப்பவில்லை. இங்கேயே எடுத்து, டிஸ்க்கை பைக்கில் கொண்டுபோய் வைத்தேன். அதன்பின் தினமும் போவது புதிய போட்டோக்கள் மட்டும். ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் மீட்க வழியே கிடையாது, அதனால் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

ஓடுகிற டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே நகல் எடுத்து பேக்கப் என்று நம்பாதீர்கள். முதலில் டம்ப் எடுக்க வேண்டும், அதாவது டேட்டாபேஸையே கேட்டு அதன் உள்ளடக்கத்தை ஒரு தனி ஃபைலாக எழுத வைக்க வேண்டும். இமிச் அதைத் தானே எடுத்து வைக்கிறது, நெக்ஸ்ட்கிளவுடுக்கு அந்தக் கட்டளையை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். அப்புறம், ரெஸ்டிக்கின் சாதாரணச் சோதனை டேட்டா முழுவதையும் வாசிக்காது. மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை வாசி என்று சொல்லிவைத்தால் வருடத்தில் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும்.

டிஸ்க்கின் உடல்நலம்

ஸ்மார்ட்மான்டூல்ஸ் போதுமா, ஸ்க்ரூட்டினியும் வேண்டுமா? டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை வாசிப்பவை இவை. அடியில் வேலை செய்வது ஸ்மார்ட்மான்டூல்ஸ்தான். ஸ்க்ரூட்டினி அதன் எண்களை வரைபடமாகக் காட்டி, பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிடும் டிஸ்க் பழுதுக் கணக்கோடு ஒப்பிட்டு எச்சரிக்கும். ஒரே டிஸ்க் உள்ளவருக்கு முதலாவது போதும். அந்தக் கணக்கில் பார்க்க வேண்டிய வரிசைகள் 5, 197, 198; டிஸ்க்கில் கெட்டுப்போன, வாசிக்க முடியாத இடங்களை எண்ணுபவை. இவற்றின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து நகர்ந்து ஏறத் தொடங்கினால் புது டிஸ்க்குக்குப் பணம் ஒதுக்குங்கள். 199 வேறு கதை. அது ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் அல்ல, கேபிளில் அல்லது இணைப்பில் கோளாறு. எங்கள் வீட்டில் அந்த எண் ஒரு மழைக்காலம் முழுவதும் ஏறிக்கொண்டே போனது. கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளின் முனையில் பச்சை பூத்திருந்தது, உப்புக்காற்றின் வேலை. புதுக் கேபிள் போட்டதும் எண் அங்கேயே நின்றுவிட்டது. டிஸ்க்கை மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் வீண்.

கண்காணிப்பு

நெட்டேட்டா நொடிக்கு நொடி அளந்து அழகாகக் காட்டும். கோளாறு வந்தபின் காரணம் தேட அருமையானது. அப்டைம் கூமா ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதை மட்டும் பார்த்து டெலிகிராமில் செய்தி அனுப்பும். எனக்குக் கூமாவே போதும், ஆனால் அதை அதே சர்வரில் வைத்தால் சர்வர் அணையும்போது அதுவும் அணையும், செய்தி அனுப்ப ஆள் இருக்காது. அதனால் அதுவும் சித்தி வீட்டு ராஸ்பெரி பையில்தான். ராத்திரி பேக்கப் முடிந்ததும் சர்வர் அதற்கு ஒரு தகவல் அனுப்பும். வரவில்லை என்றால் காலையில் என் போன் சொல்லிவிடும்.

வெளியிலிருந்து வர

ரவுட்டரில் உள்ள வெளி முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இன்டர்நெட் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று அர்த்தம். அப்போது வயர்கார்டு என்ற விபிஎன்னை (பூட்டிய தனி வழியை) சொந்தமாக வைத்து, அந்த முகவரி வழியாக வெளியிலிருந்து வீட்டுக்கு நேரே வர முடியாது. டெயில்ஸ்கேல் என்ற சேவை அந்த வயர்கார்டையே வைத்து இந்தத் தடையைத் தாண்டிவிடும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர் வழியாக வரும் கிளவுட்ஃபிளேர் டனலில் போனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஆனால் இலவசத் திட்டத்தில் ஓர் அப்லோடுக்கு 100 எம்பி எல்லை உண்டு. கல்யாண வீடியோ ஒன்றைக்கூட ஏற்ற முடியாது. எங்கள் வீட்டில் டெயில்ஸ்கேல். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டின் விபிஎன் விதிகளைப் பார்த்துவிட்டு நிறுவட்டும்.

அப்டேட்

வாட்ச்டவர், இமிச் போன்றவை தனித்தனியாக ஓடும் கன்டெய்னர் எனும் மென்பொருள் பெட்டிகளைத் தானாகவே புதுப்பித்துவிடும். 2023 நவம்பருக்குப் பிறகு அதற்கே புதிய பதிப்பு வரவில்லை. டியூன் புதிது வந்திருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். சர்வரில் ஓடும் லினக்ஸான டெபியனின் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக ஓட விட்டிருக்கிறேன், இமிச்சை விடமாட்டேன். பதிப்பு மாறும்போது அமைப்பும் சேர்ந்து மாறி நின்றுபோன அனுபவம் பலருக்கு உண்டு. டியூன் செய்தி வந்தால் சனிக்கிழமை காலை வரை காத்திருந்து, முந்தின ராத்திரி பேக்கப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, மாற்றக் குறிப்பை வாசித்தபின்தான் கை வைப்பேன்.