தசைத் தளர்வை நீக்கும் இரு மருந்துகளும் கருத்தடையும்

அறுவை சிகிச்சைக்காக மருந்து கொடுத்து உண்டாக்கிய தசைத் தளர்வை முடிவில் நீக்க சுகமாடெக்ஸ் ஏற்றதா, நியோஸ்டிக்மைன் போதுமா என்பது கருத்தடை ஹார்மோன் எடுக்கும் பெண்கள் மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசவேண்டிய கேள்வி.

வேகம்: சுகமாடெக்ஸ், ரோகுரோனியம் என்ற தசைத்தளர்த்தி மருந்து தரும் ஆழ்ந்த தளர்வையும் சில நிமிடங்களில் நீக்கும், நியோஸ்டிக்மைன் மெதுவாகவே செயல்படும், ஆழ்ந்த தளர்வுக்கு உதவாது.

விலை: நியோஸ்டிக்மைன் மலிவு.

கருத்தடை: சுகமாடெக்ஸ், ரோகுரோனியத்தைப் போலவே புரோஜெஸ்டோஜென் என்ற கருத்தடை ஹார்மோனையும் பற்றிக்கொள்வதால், அன்றைய மாத்திரையைத் தவறவிட்டதற்கு ஒப்பான நிலை உண்டாகும், மாத்திரையோ ஊசியோ உள்வைப்போ, எதைப் பயன்படுத்துவோரும் அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறை போன்ற ஹார்மோன் அல்லாத முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மயக்கம் தெளியும் நேரத்தில் மட்டும் இதைச் சொன்னால் யாருக்கு நினைவிருக்கும்? நியோஸ்டிக்மைனில் இச்சிக்கல் இல்லை. ஆனால் அதனுடன், இதயத் துடிப்பு குறையாதிருக்க கிளைக்கோபைரோலேட் போன்ற துணைமருந்து வேண்டும்.

இறுதிவரை ஆழ்ந்த தளர்வு தேவைப்படும் அறுவைக்குச் சுகமாடெக்ஸே பொருந்தும். இலேசான தளர்வே எஞ்சியிருந்தால் நியோஸ்டிக்மைன் போதும்.