எல்.ஈ.டி. டிம்மர்: புறக்கோட்டையில் வாங்குமுன், சுவரில் பூட்டுமுன்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டிம்மர், அதாவது லைட்டின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், கேட்டால் இரண்டு வகை எடுத்து வைப்பார்கள். மலிவானது குமிழ் திருகும் பழைய வகை. 400 அல்லது 500 வோட் என்று முதுகில் அடித்திருக்கும். மற்றது, பெட்டியில் ‘டிரெயிலிங் எட்ஜ்’ என்று போட்ட எல்.ஈ.டி. டிம்மர். ஹோலில் எல்.ஈ.டி. லைட் போடுகிறவர்கள் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். அதன் விலை கூட என்று முதலாவதை வாங்கினால் அந்தக் காசு வீண்.

காரணம் இதுதான். நம்முடைய 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 அரை அலைகள். பழைய டிம்மர் ஒவ்வொரு அரை அலையின் முன்பகுதியையும் வெட்டி, நடுவழியில் சட்டென்று கரண்டைத் திறந்துவிடும். இழை பல்புக்கு அது பொருட்டே இல்லை. எல்.ஈ.டி.க்குள் இருக்கும் கண்டென்சரோ அந்த நொடியில் பெரிய கரண்டை இழுக்கும்: லைட் இரையும், மினுங்கும், டிம்மர் சூடேறும். ஆகவே எல்.ஈ.டி. போட்டால், டிம்மரில் பொறிக்கப்பட்ட வோட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கணக்கில் எடுப்பது தொழிலில் வழக்கம். 400 வோட் என்றால் 40. அதே டிம்மர்களில் பல, 40 வோட்டாவது சுமை இல்லாவிட்டால் ஒழுங்காக வேலை செய்யாது. ஆகக் குறைந்ததும் 40, ஆகக் கூடியதும் 40 என்றால் எல்.ஈ.டி.க்கு அதில் இடமே இல்லை.

எல்.ஈ.டி. வகை அலையின் பின்பகுதியை மெதுவாக வெட்டுகிறது. பெட்டியில் எல்.ஈ.டி.க்கென்று தனி வோட் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 5 முதல் 100 வோட் என்று இருந்தால் 7 வோட் டவுன்லைட் ஆறுக்கு, அதாவது 42 வோட்டுக்கு, தாராளம். பல்பிலும் ‘டிம்மபிள்’ என்று இருக்க வேண்டும். இல்லாத பல்பை எந்த டிம்மராலும் காப்பாற்ற முடியாது. வீட்டில் போடப்போகும் அதே பல்பைக் கொண்டுபோய், கடையிலேயே ஆகக் குறைந்த ஒளிவரை திருகிப் பார்த்து வாங்குங்கள். பழைய 12 வோல்ட் ஹலோஜன் லைட், செம்புச் சுருள் டிரான்ஸ்போமரோடு இருந்தால் இந்த வகை பொருந்தாது. ஃபேன் ரெகியூலேட்டரை லைட்டுக்குப் போடுவதும், லைட் டிம்மரை ஃபேனுக்குப் போடுவதும் கூடவே கூடாது.

இனிப் பூட்டும் வேலை. மெயின் சுவிட்சை இறக்குங்கள், யாரும் ஏற்றாதபடி டேப் ஒட்டுங்கள். நியோன் டெஸ்டரை மட்டும் நம்பவேண்டாம்; இருமுனை டெஸ்டரால் முதலில் கரண்ட் உள்ள இடத்தில் சரிபார்த்து, பிறகு வேலை செய்யும் வயர்களில் பார்த்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டரையே சோதியுங்கள். பற்றரியோ இன்வேட்டரோ உள்ள வீட்டில் அதையும் தனியாக நிறுத்த வேண்டும். மெயின் இறங்கியும் லைட் லைனில் கரண்ட் நிற்பது அங்கேதான்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியவற்றில் மண்ணிறம், நீலம். சுவிட்ச் பொக்ஸில் இந்த நிற நம்பிக்கை ஆபத்தானது. அங்கே வரும் கறுப்பு வயர் பெரும்பாலும் நியூட்ரல் அல்ல, லைட்டுக்குத் திரும்பும் லைவ். கழற்றுமுன் போன் கமராவில் படம் எடுங்கள், ஒவ்வொன்றிலும் டேப் துண்டு ஒட்டுங்கள். டிம்மர் லைவ் பாதையின் நடுவில் மட்டும் வரும்: ‘எல்’ (L) என்று குறித்த முனையில் வரும் லைவ், அம்புக்குறி முனையில் லைட்டுக்குப் போகும் வயர். இரு முனைகளுக்கும் லைவையும் நியூட்ரலையும் கொடுத்தால் சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் டிம்மர் வெடிக்கும். மாடிப்படிபோல் இரண்டு இடத்தில் சுவிட்ச் இருந்தால் ஓர் இடத்தில் மட்டும் டூவே டிம்மர், மறு இடத்தில் சாதாரண டூவே சுவிட்ச்.

லைட் வயர் 1/1.13, அதாவது 1.13 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைக் கம்பியாக இருந்தால் 10 மி.மீ. உரித்து, முனையை இரண்டாக மடித்து ஸ்குரூவின் கீழ் விடுங்கள். இறுக்கியபின் இழுத்துப் பாருங்கள். பல இழை வயருக்கு ஈயம் பூசாதீர்கள், ஸ்குரூ அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் இளகி இணைப்பு தளரும். வயர் முனையில் அழுத்திப் பூட்டும் சிறு உலோகக் குழாயான ஃபெருல் போடுங்கள். பழைய பொக்ஸின் ஆழம் 25 மி.மீ. என்றால் டிம்மரைத் திணிக்காதீர்கள், 35 மி.மீ. பொக்ஸ் வைப்பது நல்லது. சூடு போக இடம் வேண்டும்.

மேலே லைட்டின் உடம்பு உலோகமானால் பச்சை எர்த் வயர் கட்டாயம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று எர்த்தை விடக்கூடாது. எர்த் இல்லாவிட்டால் கசிவு கரண்ட் உங்கள் கை பட்ட பிறகுதான் ட்ரிப் ஆகும். பாரமான லைட்டை பிளாஸ்டிக் சீலிங் ரோஸில் தொங்கவிடாமல் கொங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்துத் தூக்குங்கள். பழைய சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே துளையிடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. எர்த் வயரே வராத வீடு, நிறம் குழம்பிய வயரிங், இரண்டுக்கும் அனுமதிப் பத்திரம் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் கொடுத்தபின் குமிழை ஆகக் கீழே இறக்கி, பக்கத்திலுள்ள, ஆகக் குறைந்த ஒளியைச் சரிசெய்யும் சிறு ஸ்குரூவை மினுக்கம் நிற்கும்வரை திருப்புங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. டிம்மர் சரியில்லை என்று திரும்பக் கொண்டுபோவதற்குமுன் இதைச் செய்து பாருங்கள். அரை மணித்தியாலம் எரியவிட்டுத் தகட்டைத் தொட்டால் இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் சுமை கூட.

குறைகளும் உண்டு. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றால் இரும்பு முனை ஸ்குரூ துருப்பிடிக்கும், பித்தளை முனை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய மலிவான இன்வேட்டர்களில் பல தருவது ஒழுங்கான சைன் அலை அல்ல. அதில் இந்த டிம்மர் துடிக்கும், சில வேளை கெட்டும் போகும். அப்படிப்பட்ட இன்வேட்டர் உள்ள வீட்டில் டிம்மர் லைட்டை அந்த லைனிலிருந்து பிரித்து, பற்றரிக்கென்று சாதாரண சுவிட்சோடு ஒரு லைட்டை வையுங்கள்.