பியானோ மென்பொருளுக்கு செகண்ட்ஹேண்ட் கணினி: நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கீபோர்டைக் கணினியில் இணைத்துப் பியானோ ஒலி தருகிற மென்பொருளுக்கென்று பழைய கணினி தேடுகிறவர்கள் பெரும்பாலும் "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்று இன்டெல் ப்ராசஸர் சிப்பைப் பற்றிய கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள். அதற்குப் பதில் கிடைத்தும் பெரிய பயன் இல்லை. எத்தனையாவது தலைமுறை, எந்த வகை சிப், உள்ளே என்ன டிஸ்க், டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்கள்) ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிடும் மினி பிசி, லேப்டாப் வகைகளில் பியானோடெக் என்ற மென்பொருளையும், ஒலிப்பதிவுகளை வைத்து இயங்கும் சாம்பிள் பியானோக்களையும் நெடுநாள் ஓட்டியதில் கிடைத்த முடிவுகள் கீழே.

ஒலி துண்டு துண்டாகத்தான் வெளியே போகிறது. நொடிக்கு 44,100 அளவீடு (சாம்பிள்) கொண்ட 44.1 கிலோஹெர்ட்ஸில், துண்டின் அளவை (பஃபர்) 128 சாம்பிளாக வைத்தால், ஒவ்வொரு துண்டையும் தயாரித்து முடிக்கக் கணினிக்குக் கெடு 2.9 மில்லிசெகண்ட். 256 வைத்தால் 5.8. 512 வைத்தால் 11.6. ஒரே ஒரு துண்டு கெடு தவறினாலும் ஸ்பீக்கரில் 'பட்' என்று கேட்கும். டாஸ்க் மேனேஜர் 30 சதவீதம்தான் வேலை என்று காட்டும்போதே வெடிப்புச் சத்தம் வருவது இதனால்தான். சமையல்கட்டில் எத்தனை அண்டா சாம்பார் இருந்தாலும், இலையில் சோறு விழுந்த நேரத்துக்கு வாளி வந்தால்தான் பந்தி நடக்கும். சராசரி வேகம் எவ்வளவு இருந்தாலும், ஒரு தடவைகூடக் கெடு தவறாத கணினிதான் இந்த வேலைக்கு ஆகும்.

எத்தனை தாமதம் பொறுக்கலாம்? காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகிறது. ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலே 3 மில்லிசெகண்ட் போய்விட்டது. பஃபர் தவிர கீபோர்டும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (வெளியே இணைக்கும் சவுண்ட் கார்டு) தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். 128-ல் விரலோடு ஒலி ஒட்டிக்கொண்டு வரும். 256-ல் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது, ஹெட்ஃபோனில் நிச்சயம் தெரியாது. 512-க்குப் போனால் வேகமான ஸ்கேல்களில் விரல் தயங்கத் தொடங்கிவிடும். ஆகவே இலக்கு இதுதான்: 128-ல், பெடல் மிதித்தபடி, ஒரு வெடிப்புகூட இல்லாமல் ஒரு மணி நேரம். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்தக் கணக்குக்குள் வரவே வராது, அதன் தாமதம் பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டைத் தாண்டும்.

எந்த மென்பொருள் என்பதை முடிவு செய்த பிறகே கணினியைத் தேட வேண்டும், ஏனென்றால் இரண்டு வகைப் பியானோக்களும் கேட்கிற தீனி வேறு வேறு. பிரான்சின் துலூஸ் நகரத்து மோடார்ட் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த பியானோடெக் ஒலிப்பதிவை வைத்து இயங்குவதில்லை. தந்தி, சுத்தியல், சவுண்ட்போர்டு ஆகியவற்றின் அதிர்வைக் கணித்து, வாசிக்கிற நொடியிலேயே ஒலியை உருவாக்குகிறது. டிஸ்கில் ஒரு ஜிபிகூடப் பிடிக்காது, 8 ஜிபி ராம் தாராளம். ஆனால் ப்ராசஸரைப் பிழிந்தெடுக்கும். சாம்பிள் பியானோ இதற்கு நேர் எதிர். சின்தாஜி ஐவரி 2 கிராண்ட் பியானோஸ் மட்டும் 77 ஜிபி. ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் கீஸ்கேப்பும் அதே அளவு. இங்கே ப்ராசஸர் பெரும்பாலும் சும்மா இருக்கும், டிஸ்க்தான் ஓடும்.

டிஸ்க் விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு ஸ்வரத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 0.26 எம்பி. பெடலை மிதித்துக்கொண்டு ஆர்பெஜியோ வாசித்தால் 100 குரல்கள் (ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரங்கள்) ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பது சாதாரணம். மூன்று மைக் நிலைகளின் (வெவ்வேறு இடத்தில் வைத்த மைக்குகளின்) பதிவுகளைத் திறந்து வைத்திருந்தால் நொடிக்கு 80 எம்பி வரை. பழைய ஹார்ட் டிஸ்க்கும் இந்த வேகத்தைத் தொடும் என்று தோன்றும். ஆனால் அது நேர்வரிசையில் படிக்கும்போதுதான். இங்கே முந்நூறு வெவ்வேறு ஃபைல்களிலிருந்து துளித்துளியாக எடுக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒவ்வொரு இடத்துக்கும் நகர 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, நொடிக்கு நூறு தாவல்கூடத் தேறாது. விளைவு, ஸ்வரங்கள் பாதியில் அறுந்துபோகும். முள்ளே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே இதற்குப் போதும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இருந்தால் பியானோ திறக்கிற நேரம் குறையும், வாசிப்பில் வேறுபாடு தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ராம் கணக்கும் எஸ்எஸ்டியோடு சேர்ந்ததுதான். ஒவ்வொரு சாம்பிளின் (இங்கே, ஒரு ஸ்வரத்தின் ஒலிப்பதிவு) தொடக்கத்தையும் ராமில் முன்கூட்டியே ஏற்றிவைத்து, மீதியை டிஸ்கிலிருந்து இழுப்பதுதான் முறை. சாம்பிள்களை ஓட்டும் கான்டாக்ட் மென்பொருளில் இப்படி முன்கூட்டி ஏற்றுவது சாம்பிளுக்கு 60 கேபி என்ற அளவில் தொடங்கும். 88 கட்டை, 16 வெலாசிட்டி அடுக்கு (தட்டும் வேகத்துக்கேற்ற தனித்தனிப் பதிவுகள்) என்றால் ஒரு மைக்குக்கு 84 எம்பி. பெடல் சாம்பிள், மூன்று மைக் எல்லாம் சேர்த்தால் அரை ஜிபி. எஸ்எஸ்டி இருந்தால் மெமரி அமைப்புக்குப் போய் இந்த அளவை இன்னும் குறைத்துவிடலாம். பியானோ மட்டும்தான் என்றால் 8 ஜிபியில் ஓட்டலாம், ரெக்கார்டிங் மென்பொருளும் திறந்திருக்கும் என்றால் 16.

இனி சிப். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் வரிசையில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. அதனால் 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை லினக்ஸ் போட்டு பியானோடெக் ஓட்ட எடுப்பதில் தவறே இல்லை, பியானோடெக் லினக்ஸிலும் உண்டு. லினக்ஸுக்கு வராத ஐவரி, கீஸ்கேப் வேண்டும் என்பவர்கள் மட்டும் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம்.

தலைமுறைக்கு அடுத்து, எண்ணின் கடைசி எழுத்து. ஐ5-8500 என்றால் 65 வாட், அடிப்படை வேகம் 3 கிகாஹெர்ட்ஸ். ஐ5-8500டி என்றால் 35 வாட், 2.1 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் 6 கோர். லேப்டாப்பில் வரும் ஐ5-8250யு 15 வாட், 1.6 கிகாஹெர்ட்ஸ். பூஸ்ட் வேகம் 3.4 என்று எழுதியிருப்பார்கள். அந்த வேகம் சில பத்து வினாடிகளுக்குத்தான், அதன் பிறகு சூட்டுக்குப் பயந்து இறங்கிவிடும். இதனால்தான் கடையில் ஒரு நிமிடம் வாசித்துப் பார்த்தபோது நன்றாக இருந்த லேப்டாப், வீட்டில் பத்தாவது நிமிடம் கரகரக்கிறது. சென்னை மே மாதத்தில் மின்விசிறிக் காற்றில் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். பழைய ஐ7 இரண்டு கோர் லேப்டாப்பைவிட 8-ஆம் தலைமுறை ஐ5 மினி பிசி எல்லா வகையிலும் மேல்.

நீண்ட நாள் பயன்பாட்டில் குறை சொல்ல முடியாதவை அலுவலக மேசைக் கணினிகளே: டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்920. இவற்றிலேயே உள்ளங்கை அளவு மினி வகையும் உண்டு, கொஞ்சம் பெரிய ஸ்மால் ஃபார்ம் வகையும் உண்டு. இடம் இருந்தால் பெரியதை எடுப்பதே நல்லது. மினியில் இருக்கும் சின்ன விசிறி பியானிஸிமோ (மிக மென்மையாக) வாசிக்கும்போது 'கீஈ' என்று இழுக்கும், பக்கத்தில் மைக் வைத்துப் பாட்டும் பதிவு செய்கிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். லேப்டாப்தான் வேண்டும் என்றால் திங்க்பேட் டி480. ராமுக்கு இரண்டு ஸ்லாட், டிஸ்க்கும் மாற்றலாம். டி480எஸ்-ல் ராமில் ஒரு பகுதி போர்டோடு சால்டர் செய்து வரும், கவனம்.

2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர், மேக் மினி இரண்டும் இந்த வேலைக்கே செய்தது போல இருக்கின்றன. மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. டிரைவர் தொல்லையும் குறைவு, மேக்கோடு வரும் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பே போதும். 256 ஜிபி உள் டிஸ்க்கை மாற்ற முடியாது, ஆனால் சாம்பிள்களை யுஎஸ்பி 3 வெளி எஸ்எஸ்டியில் வைத்து ஓட்டலாம், எந்தக் குறையும் தெரியாது. பழைய மேக் வாங்கும்போது ஒன்றை மட்டும் விடக் கூடாது: விற்பவர் முன்னாலேயே முழுதாக அழித்து, வைஃபையில் இணைத்து, முதல் அமைப்புத் திரை வரை போய்ப் பார்க்க வேண்டும். பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டாலோ, ரிமோட் மேனேஜ்மென்ட் என்று ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்தாலோ எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

விண்டோஸ் கணினியைக் கடையில் சோதிக்க, ரிச்சி தெருவானாலும் சரி, தெரிந்தவர் வீடானாலும் சரி, ஒரு பென் டிரைவில் மூன்றை எடுத்துப் போக வேண்டும்: லேட்டன்சிமான் (டிரைவர்களால் வரும் தாமதத்தை அளப்பது), கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டுவது), பியானோடெக் சோதனைப் பதிப்பு. சோதனைப் பதிப்பில் சில கட்டைகள் ஒலிக்காது, 20 நிமிடத்தில் நின்றுவிடும். சோதிக்க அது போதும். முதலில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்பு) போக முடிகிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினிகளில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருப்பார்கள், அதைக் கழற்றித் தராமல் வாங்கக் கூடாது. பிறகு லேட்டன்சிமானைப் பத்து நிமிடமாவது ஓட விட வேண்டும். டிரைவர்ஸ் பக்கத்தில் மேலே வந்து நிற்கும் பெயர்தான் குற்றவாளி. என்டிஐஎஸ் என்றால் நெட்வொர்க், பெரும்பாலும் வைஃபை. ஏசிபிஐ என்றால் மின் நிர்வாகம் அல்லது பேட்டரி. என்வி என்று தொடங்கும் நீண்ட பெயர் என்விடியா கிராஃபிக்ஸ். வைஃபையை அணைத்ததும் தாமத அளவு இறங்கினால் கணினி நல்லதுதான், வாசிக்கும்போது அணைத்து வைத்தால் போயிற்று. ஏசிபிஐ அடங்காமல் நின்றால் பயாஸ் அப்டேட்டுக்குக் கட்டுப்படலாம், படாமலும் போகலாம். அந்தச் சூதாட்டம் வேண்டாம், அடுத்த கணினியைப் பார்க்கலாம்.

கடைசியாக, கீபோர்டை இணைத்து ஒலிச் சோதனை. பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, இடது முன்கையால் கீழ் இரண்டு ஸ்தாயியையும் மொத்தமாக அழுத்திவிட்டு, வலது கையால் மேலிருந்து கீழ்வரை கட்டைகளை வழித்துக்கொண்டே ஒரு கிளிசாண்டோ. பாஸ் தந்திகள்தான் நெடுநேரம் ஒலிக்கும், அதனால் குரல்கள் குவிந்துகொண்டே போகும். இதையே சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும் செய்ய வேண்டும். பல லேப்டாப்கள் பேட்டரிக்கு மாறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிஸ்க்கின் ஆரோக்கிய சதவீதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், குறைவாக இருந்தால் புது எஸ்எஸ்டி விலையைக் கழித்துப் பேரம் பேசலாம்.

வீட்டுக்கு வந்ததும் மின் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, ப்ராசஸரின் குறைந்தபட்ச நிலையை 100 சதவீதம் ஆக்கி, யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (யுஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும் அமைப்பு) அணைக்க வேண்டும். கீபோர்டை ஹப் வழியாக இல்லாமல் நேராகக் கணினியில் செருக வேண்டும். கீபோர்டில் யுஎஸ்பி இருக்கும்போது மலிவு யுஎஸ்பி–மிடி கேபிள் வாங்க வேண்டாம், வேகமான இடங்களில் ஸ்வரம் தொங்கி நின்றுவிடும். சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதம் குறைந்த ஒலி டிரைவர்) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், பெஹ்ரிங்கர் யுஎம்சி202எச்டி போல. அதுவரை உள் சவுண்ட் கார்டில் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டு 256-ல் ஓட்டலாம்.

லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையரில் இணைத்ததும் 'ஊம்' என்ற இரைச்சலோ, மவுஸை நகர்த்தும்போது கீச்சொலியோ வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வளையம் (கிரவுண்ட் லூப்). கீபோர்டு, கணினி, ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தீரும், இல்லையென்றால் ஆடியோ வயரில் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் போட வேண்டும். மூன்று பின் பிளக்கின் எர்த் காலை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

ஆண்டுக்கொரு முறை திறந்து தூசு தட்டி, ப்ராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட் மாற்றினால் கோடையில் வரும் கரகரப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகும் லேட்டன்சிமானை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். மின் திட்டம் பழையபடி பேலன்ஸ்டுக்குத் திரும்பியிருக்கும், அல்லது வைஃபை டிரைவர் மாறியிருக்கும். நேற்று வரை நன்றாக வாசித்த கணினி இன்று வெடித்தால், ப்ராசஸரைச் சந்தேகிக்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.