படித்த நாட்டு வேலை அனுமதியா, பயிற்சி விசாவா? வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் தேடுபவர்களுக்கு ஓர் அலசல்

வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பெயர்களைப் பட்டியல் போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். பட்டம் வாங்கிய புதிதில் தற்காலிக விசாவை நம்பி இருப்பவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த விசா யாரை நம்பி நிற்கிறது, என்றைக்கு முடிகிறது?

படித்த நாட்டிலேயே கிடைக்கும் வேலை அனுமதியை முதலில் பார்ப்போம். பிரிட்டனின் கிராஜுவேட் விசா, கனடாவின் பிஜிடபிள்யூபி (படிப்பு முடித்தவர்களுக்கான வேலை அனுமதி), அமெரிக்காவின் ஓபிடி (படித்த துறையில் வேலை பழகுவதற்கான அனுமதி) எல்லாம் இந்த ரகம். கம்பெனி உங்களுக்கு விசா ஸ்பான்சர் செய்ய, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்க, தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். அதை விண்ணப்ப மின்னஞ்சலின் முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிடுங்கள்: "எனக்கு வேலை அனுமதி இருக்கிறது, இந்தத் தேதி வரை செல்லும், ஸ்பான்சர் தேவையில்லை." விசா தலைவலிக்குப் பயந்தே விண்ணப்பத்தை ஒதுக்கும் சிறிய கம்பெனிகள் இந்த வரியைப் பார்த்தால் மேற்கொண்டு படிப்பார்கள்.

இதில் ஓபிடி கொஞ்சம் கறார். வேலை படித்த துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும், மொத்தம் 12 மாதம், அதற்குள் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. வேலை அனுமதி அட்டையில் போட்டிருக்கும் தொடக்கத் தேதியிலிருந்தே இந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். முதல் 12 மாதத்தில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்கூட, வாரம் 20 மணி நேரமாவது இருந்து தொழிலாளர் சட்டத்தையும் மீறாமல் இருந்தால், வேலையாகக் கணக்கில் வரும், அதனால் 90 நாளைக் காப்பாற்றிக்கொள்ளப் பலர் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் படித்தவர்களுக்கு அடுத்துக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பில் சம்பளமில்லாத வேலை செல்லாது, வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசின் இணைய அமைப்பான ஈ-வெரிஃபையில் கம்பெனி பதிந்திருக்கவும் வேண்டும். ஆகவே இலவச இன்டர்ன்ஷிப்பில் சேரும்போதே, நீட்டிப்புக்குத் தகுதியான கம்பெனியைத் தேடும் வேலையும் நடந்துகொண்டே இருக்கட்டும்.

கனடாவில் பிஜிடபிள்யூபி வாழ்நாளில் ஒருமுறைதான். அங்கேயே தங்கும் எண்ணம் இருந்தால், கனேடிய வேலை அனுபவத்தை வைத்து நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பிஆர்) கேட்கும்போது சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பைச் சேர்க்க மாட்டார்கள். அப்படி இருக்க, அந்த அனுமதியில் ஆறு மாதத்தை ஓசி வேலையில் கரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிட்டனின் கிராஜுவேட் விசா, முனைவர் பட்டம் தவிர மற்றவற்றுக்கு, 2026 முடியும் வரை விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். இந்த விசாவை நீட்டிக்க முடியாது. அதனால் இன்டர்ன்ஷிப் போனாலும் குறுகியதாக, பின்னால் ஸ்பான்சர் செய்யும் உரிமம் உள்ள கம்பெனியாகப் பார்த்துப் போங்கள்.

சரி, வேறு நாட்டில் படித்தவர்கள்? அவர்களுக்குத்தான் பயிற்சி விசா, அதில் அமெரிக்காவின் ஜே-1 முக்கியமானது. பட்டம் வாங்கி 12 மாதத்துக்குள் பயிற்சி தொடங்க வேண்டும், அதிகபட்சம் 12 மாதம் இருக்கலாம். இந்த வாய்ப்பு தவறினாலும் கதவு மூடிவிடாது: அமெரிக்காவுக்கு வெளியே துறை சார்ந்த ஒரு வருட அனுபவம் சேர்த்தால் அதே ஜே-1 விசாவின் டிரெய்னி பிரிவில், பெரும்பாலான துறைகளில், 18 மாதம் வரை போகலாம். டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில், யார் மேற்பார்வை, என்ன கற்றுக்கொடுப்பார்கள், எப்படி மதிப்பிடுவார்கள் என்று கட்டம் கட்டமாக எழுதித் தர வேண்டும். அலுவலக எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. படிவத்தை நிரப்பவே கம்பெனி திணறினால் அங்கே கற்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

ஜே-1இன் பலவீனம், விசா அந்தப் பயிற்சித் திட்டத்தோடு கட்டப்பட்டிருப்பது. மேலாளர் சரியில்லை என்று நினைத்த மாத்திரத்தில் வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. அப்புறம், சிலருக்கு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகே அமெரிக்க வேலை விசாவான எச்-1பி போன்றவை கிடைக்கும் என்ற நிபந்தனையும் பொருந்தும், ஆகவே விசாவில் அச்சாகியிருக்கும் குறிப்பைப் படிக்காமல் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் 407 பயிற்சி விசா இரண்டு வருடம் வரை தருகிறது, ஆனால் அதற்கும் ஸ்பான்சர் வேண்டும்.

ஜெர்மனியின் வாய்ப்பு அட்டையை இன்டர்ன்ஷிப் விசா என்று நினைத்துக் கேட்பவர்கள் நிறைய. 2024 ஜூனில் வந்த அது வேலை தேடுவதற்கானது. வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும், ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் பார்க்கலாம், முழுநேர இன்டர்ன்ஷிப்புக்கு அது ஒத்துவராது.

படித்த நாட்டிலேயே இருப்பவர் பயிற்சி விசா பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. கையில் இருக்கும் அனுமதியில் முழுநேர வேலைக்கே முயற்சி செய்யுங்கள், இன்டர்ன்ஷிப்பை மூன்று மாதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்த ஊரில் படித்து முடித்தவருக்கு ஜே-1தான் என் முதல் தேர்வு, ஒரே நிபந்தனை: ஒரு வருடத்தில் திரும்பி வரும் திட்டத்தோடு போக வேண்டும். ஜே-1ஐ ஏற்பாடு செய்து தரும் ஸ்பான்சர் அமைப்பின் கட்டணத்தை யார் கட்டுவது என்பதை ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.