வெயில்கால நெடுந்தூர ரைடு: தண்ணீர் பாட்டிலிலா, முதுகுப் பையிலா?

கடும் வெயிலில் விடாமல் சைக்கிள் மிதித்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஃப்ரேமில் 750 மி.லி. பாட்டில் இரண்டு மாட்டினால் ஒன்றரை லிட்டர். மணிக்கு முக்கால் லிட்டர் குடித்தால் இரண்டு மணி நேரம் தாங்கும், 25 கி.மீ. வேகத்தில் 50 கி.மீ. முதுகில் மாட்டி, குழாயால் உறிஞ்சிக் குடிக்கும் நீர்ப்பை 2 முதல் 3 லிட்டர் கொள்ளும். கொள்ளளவில் நீர்ப்பைக்குத்தான் வெற்றி.

ஆனால் வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். பை மூடிய முதுகில் காற்றே படாது. வியர்வை வீணாக வழிந்தோடும். 3 லிட்டர் என்றால் 3 கிலோ. அந்தப் பாரம் தோளிலும் இடுப்பிலும் இறங்கி, சீட்டில் அழுத்தத்தையும் கூட்டும். பாட்டிலின் எடையை ஃப்ரேம் சுமக்கிறது. அதைவிடப் பெரிய வசதி, பாட்டில் தண்ணீரைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றிக்கொள்ளலாம். ஓடும் சைக்கிளில் எதிர்க்காற்று பட்டதும் நன்றாகக் குளிரும். அதனால் ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பு-சர்க்கரைக் கரைசல் வைப்பதே சரி. லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. இந்தக் கரைசலை நீர்ப்பைக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். குழாயின் உட்புறம் பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும், கழுவுவது பெரும்பாடு.

குளிர்ச்சி நிற்பது பையில்தான். ஐஸ் போட்டால் நெடுநேரம் தாங்கும், முதுகுக்கும் இதம். குழாயில் தேங்கிய தண்ணீர் மட்டும் சுடும். குடித்து முடித்ததும் ஊதி உள்ளே தள்ளிவிட வேண்டும். சாதாரண பாட்டில் சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும்.

வரிசையில் ஓட்டும்போது பாட்டிலில் ஆபத்து அதிகம். முன்சக்கரத்துக்கு அரை மீட்டர் முன்னால் இன்னொரு சக்கரம் சுழலும்போது, ஒரு கையை எடுத்துக் கீழே குனிந்து துழாவக் கூடாது. கை தவறிய பாட்டில் பின்னால் வருபவரின் சக்கரத்தில் சிக்கினால் நாலைந்து பேர் விழுவார்கள். வரிசைக்கு முன்னால் ஓட்டும் உங்கள் முறை முடிந்து, வரிசையின் கடைசிக்கு வந்த பிறகு குடியுங்கள். பாட்டிலைத் தாங்கும் கேஜ் தளர்ந்திருந்தால் புறப்படும் முன்பே மாற்றுங்கள். குழியில் இறங்கியதும் பாட்டில் துள்ளி வெளியே வரும். நீர்ப்பையின் குழாய் வாய்க்கருகிலேயே இருப்பதால் அடிக்கடி குடிக்கத் தோன்றும். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது; உறிஞ்சும்போது காற்று வந்தால்தான் தீர்ந்தது புரியும். ஒருவருக்குத் தீர்ந்தால் மொத்தக் கூட்டமும் நிற்க வேண்டியதுதான்.

35-40 கி.மீ.க்கு ஒருமுறை தண்ணீர் நிரப்ப இடமிருந்தால் பாட்டிலே போதும். இடைவெளி அதற்கு மேல் என்றாலோ, கரடுமுரடான பாதை என்றாலோ பையில் ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணீர், ஃப்ரேமில் கரைசல் பாட்டில் ஒன்று.

எதில் குடித்தாலும் வியர்ப்பதைவிட அதிகம் குடிக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ரைடு முடிந்ததும் எடை கூடியிருந்து, தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் யாராவது குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம்; ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நிழலில் கிடத்துங்கள். முதுகுப் பையையும் ஹெல்மெட்டையும் கழற்றி, கூட்டத்தில் இருக்கும் தண்ணீரையெல்லாம் அவர் மேல் ஊற்றி விசிறுங்கள்.